போஸ்ட்மார்ட்டம் அண்ணன் சொன்ன எலி

உலகத்தில் எந்தப் பொருளும் தொலைவதே இல்லை, தேடுகிறவன்தான் பாதியில் சாப்பிடப் போய்விடுகிறான் என்று மனதார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, போஸ்ட்மார்ட்டம் அண்ணன்தான். அவருக்கு ஆதார் அட்டையில் ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் யாருக்கும் அது தெரியாது. வருகைப் பதிவேட்டில்கூட போஸ்ட்மார்ட்டம் என்று எழுதினால்தான் ஆபீசில் ஆள் யாரென்று புரியும். கோலியனூர்க்காரர். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் சட்டை மட்டும் தனியாக மொபெட் ஓட்டிக்கொண்டு வருவது போல இருக்கும்.

பிணவறைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவர் ஏசி டக்ட் வேலைக்காரர். பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்னால் நானும் அந்தத் தொழிலில்தான் சைட் இன்ஜினியராகக் குப்பை கொட்டினேன். பெரிய கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கூரைக்கடியில் பெட்டி பெட்டியாகத் தகரக் குழாய் ஓடுமே, அதுதான் டக்ட். குளிர்ந்த காற்று அதற்குள்தான் பயணம் செய்கிறது. எந்த அறைக்கு எவ்வளவு காற்று என்று தீர்மானிக்க அங்கங்கே உள்ளே ஒரு கதவு வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் டேம்பர். நாலைந்து தகடுகள், அவற்றைச் சேர்த்து ஆட்டுகிற கம்பி, வெளியே ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆனால் அது உடைந்துவிட்டால் உள்ளே கையை விட்டு எடுப்பது பேஜாரான வேலை. தகட்டின் ஓரம் சவரக் கத்தி. தீப்பிடித்தால் தானாக மூடிக்கொள்கிற டேம்பர்களில் ஸ்பிரிங் வேறு இருக்கும். அது எப்போது பாயும் என்று அதற்கே தெரியாது. ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டால், காற்று அதைத் தள்ளிக்கொண்டே போய் எங்கேயாவது ஃபில்டரைக் கிழித்துவிடும். அதனால் உடைந்த டேம்பரை எடுக்க எல்லா சைட்டிலும் ஒரே ஒரு ஆளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் வருவார். முதலில் காற்றைத் தள்ளுகிற ப்ளோயரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். பிறகு ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரிப்பார். சட்டைப் பையில் இருக்கிற சீப்பு, செல்போன், சாவி, பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம் எல்லாவற்றையும் அதன் ஓரத்தில் வரிசையாக வைத்து, ஏலம் போடுகிற குரலில் வாசிப்பார். "சீப்பு ஒண்ணு. போனு ஒண்ணு. சாவி ரெண்டு. மல்லாட்டை ஒரு பொட்டலம். என்னோடது எதுவும் உள்ள போகல, எல்லாரும் பாத்துக்கங்க!" அவர் பையைக் காலி பண்ணாமல் டக்டுக்குள் தலையை விட்டதே இல்லை.

அப்புறம் உள்ளே போய் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு வந்து, உடைவதற்கு முன்னால் டேம்பர் எப்படி இருந்ததோ அதே உருவத்தில் வேட்டியின் மேல் அடுக்குவார். தகடு விலா எலும்பு, கம்பி நரம்பு, தகட்டையும் கம்பியையும் சேர்க்கிற வளைந்த இரும்புத் துண்டு முழங்கை. கடைசி ஸ்க்ரூ வரைக்கும் வந்து சேர்ந்து உருவம் முழுசானால்தான் டக்டை மூட விடுவார். அதன் பிறகு ஒரு நீள நோட்டில் எழுதுவார். என்ன உறுப்பு, எத்தனை, கிடைத்த இடம், சாவுக்குக் காரணம். பெயர் எப்படி வந்தது என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில். நாங்கள் ஏசி போட்டுக் கொடுத்த மறு வாரமே பட்டுப் பிரிவில் தலைக்கு மேலே டகடகவென்று சத்தம். கடை முதலாளி எலி என்றார். நானும் உடனே எலி என்றேன். எலி என்றால் என் பொறுப்பு இல்லையே.

போஸ்ட்மார்ட்டம் அண்ணன் ஏணியில் ஏறி டக்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். டாக்டர்கள்கூட அவ்வளவு நேரம் கேட்பதில்லை. இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், எலின்னு சொல்றவன் எல்லாம் வேலையத் தட்டிக் கழிக்கறவன். என் சர்வீஸ்ல டக்டுக்குள்ள ஒரு எலியக்கூட நான் பாத்ததில்ல. ரெண்டாவது தகடு ஒடைஞ்சு போயி ஆடிக்கினு இருக்குது. ஒரு ஸ்க்ரூ உள்ள ஓடிக்கினு இருக்குது. வேட்டிய விரிங்க."

பட்டுப் பிரிவின் நடுவில் வேட்டி விரிக்கப்பட்டது. வரிசையாகத் தகடுகள் அடுக்கப்பட்டன. சீர்வரிசைச் சாமான் புதிதாக வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு அம்மா குனிந்து பார்த்து, "இது செட்டாத்தான் குடுப்பீங்களா, தனியாவும் குடுப்பீங்களா?" என்று கேட்டார். போஸ்ட்மார்ட்டம் அண்ணன் நிமிரவே இல்லை. "செட்டாத்தாம்மா. ஒரு ஸ்க்ரூ கொறையுது. கெடைச்சதும் சொல்றேன்" என்றார். ஸ்க்ரூவும் கிடைத்தது. உடைந்த தகட்டுக்கு நேர் மேலே, டக்டின் வெளிப்புறத்தில், வெள்ளை பெயிண்டில் ஒரு பின்புறத்தின் தடம் பதிந்திருப்பதையும் அவரே கண்டுபிடித்தார். பெயிண்டரைக் கூப்பிட்டு விசாரணை நடந்தது.

"இங்க உக்காந்தியா?"

"டீ குடிக்கறதுக்கு ரெண்டு நிமிசம் உக்காந்தேண்ணே."

"ரெண்டு நிமிசத்துக்கு இவ்ளோ ஆழமா பதியாது. வடையும் தின்னிருக்க."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டான். நோட்டில் காரணம் என்ற இடத்தில் 'டீ, வடை' என்று எழுதப்பட்டது.

அதே கடையில்தான் பியூஸ் கட்டை விவகாரமும். வேறொரு டேம்பரைப் பாதி பிரித்துவிட்டு, அமாவாசை என்று மேல்மலையனூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பியூஸ் கட்டை அவர் இடுப்பில். மறுநாள் கடை திறந்தால் ஏசி ஓடவில்லை. முதலாளி புடவை அட்டைப் பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டே எனக்குப் போன் பண்ணினார். நான் அண்ணனுக்குப் பண்ணினேன்.

"அண்ணே, பியூஸ் கட்டைய மறந்து எடுத்துக்கினு போயிட்டீங்க."

"மறக்கலியே சார். தகடு ஒத்தக் கம்பியில தொங்கிக்கினு இருக்குது. யாராச்சும் ப்ளோயரப் போட்டா அவ்ளோதான். அதான் கையோட எடுத்துக்கினு வந்துட்டேன்."

"கடையில ஜனங்க வேர்த்துக்கினு நிக்கறாங்க அண்ணே!"

"வேர்த்தா தொடைச்சுக்கலாம் சார். வெரலு போனா ஒட்ட முடியாது. அங்காளம்மனப் பாத்துட்டு வர்றேன்."

மதியம்தான் வந்தார், நெற்றி நிறையக் குங்குமத்தோடு. பியூஸ் கட்டைக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

விரல் விஷயத்தில் அவர் அப்படித்தான். எங்கள் கோஷ்டியோடு இருக்கும் நாளெல்லாம் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் எல்லாரையும் நிறுத்தி இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்களை எண்ணுவார். சாயந்திரம் கிளம்பும்போது மறுபடியும் எண்ணுவார். என்னையும் அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவருக்கு ஏதோ பழைய சைட்டில் தகடு வெட்டும் மெஷினில் ஒரு விரல் போயிருந்தது. ஆகவே எங்கள் கோஷ்டியின் மொத்தம் நூற்றுப் பத்தொன்பது. "நூத்திப் பத்தொம்பது, சரியா இருக்குது, எல்லாரும் ஊட்டுக்குப் போலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மொபெட்டுகள் கிளம்பும். டிப்ளமோ படித்த இன்ஜினியர் தினமும் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பது எனக்கு மானக்கேடாக இருந்தது. ஒருநாள் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். நான் கையை எடுக்கிற வரைக்கும் அவர் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. பதினொரு பேர் என்னை முறைத்தார்கள். எடுத்துவிட்டேன்.

நோட்டு விஷயத்தில் இன்னும் மோசம். ஒரு முறை ஒரே ஒரு ரிவெட் ஆணி மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் மேனேஜர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கோபம் வந்தால் அவருக்குக் காது மட்டும் சிவக்கும். "யோவ், எல்லாம் கிடைச்சதுன்னு எழுதிட்டு மூடுய்யா" என்றார்.

"கெடைக்காததக் கெடைச்சதுன்னு எழுதினா நோட்டு கெட்டுடும் சார்."

கிடைத்த இடம் என்பதில் 'கடவுளுக்குத்தான் தெரியும்' என்று எழுதினார். கடவுள் பெயரை எல்லாம் ரிப்போர்ட்டில் போடக்கூடாது என்று மேனேஜர் கத்தினார். சரி என்று அதை அடித்துவிட்டு 'மேனேஜருக்குத்தான் தெரியும்' என்று எழுதினார். மேனேஜரின் காது பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்தது. ரிவெட் மறுநாள் ஒரு வளைவில் கிடைத்தது. அதுவும் நோட்டில் ஏறியது. பொய் எழுதாத நோட்டு என்று எங்கள் கம்பெனியில் அந்த ஒரு நோட்டைத்தான் சொல்லுவார்கள்.

இப்போது என் கதைக்கு வர வேண்டும். விழுப்புரத்தில் ஒரு மாடி முழுக்க நான் டேம்பர்களைத் திருப்பி மாட்ட வைத்துவிட்டேன். டக்ட் வரைபடத்தை நான்தான் தலைகீழாகப் பிடித்துப் படித்திருந்தேன். கைப்பிடிகள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. திருக வேண்டுமென்றால் சுவருக்குள் குடியிருக்க வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு தப்பு. நேரா பஸ் ஸ்டாண்டு." இந்த வேலை கிடைப்பதற்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் மாமனார் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளின் வரி விளம்பரம் வரை படித்தவன் நான். திண்டிவனத்தில் அடுத்த வேலை என்றதும் அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம்.

திண்டிவனத்தில் வேலை ஒரு புது ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை திறப்பு விழா. புதன்கிழமை நாலு மணிக்கு மேனேஜரும் ஆஸ்பத்திரி டாக்டரும் சேர்ந்து வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் டக்டில் ஸ்பிரிங் டேம்பரைச் சோதித்துப் பார்த்தோம். சோதனையில் அது தேறவில்லை. ஸ்பிரிங் பாய்ந்து, தகடு வளைந்து, உள்ளே எல்லாம் சிதறியது. நான் அப்போது, சோதனைக்காகத் திறந்து வைத்த டக்ட் மூடிக்கு நேர் கீழே நின்று மேனேஜரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "என்னய்யா சத்தம்?" என்றார். "ஒண்ணுமில்ல சார், டெஸ்டிங்" என்றேன்.

போஸ்ட்மார்ட்டம் அண்ணன் வேட்டியை விரித்தார். பையைக் காலி பண்ணினார். பாய்ந்த ஸ்பிரிங்கை முதலில் கம்பியால் கட்டிப் போட்டுவிட்டு, தடிமனான கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக வெளியே கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் உருவம் முழுசாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

"முழங்கை ஒண்ணு காணோம் சார்."

விரல் நீளத்துக்கு வளைந்த ஒரு கறுப்பு இரும்புத் துண்டு. அது டக்டுக்குள் கிடந்து, ப்ளோயர் போட்டதும் பறந்து போய் தியேட்டரின் ஃபில்டரைக் கிழித்தால், ஆபரேஷன் நடக்கிற இடத்தில் தூசு கொட்டும். அதனால் அவர் மூட மாட்டேன் என்றதில் நியாயம் இருந்தது. எனக்கும் அது தெரியும். ஆனால் புதன்கிழமை நாலு மணிக்கு டக்ட் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் வியாழக்கிழமை காலை நான் எங்கே நிற்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

செவ்வாய் மிச்சப் பொழுது முழுக்கத் தேடினோம். டக்டில் ஐந்து இடத்தில் பிரித்தோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே இழுத்தோம். இரண்டு ஆணி, எவனோ விட்டுவிட்டுப் போன கட்டிங் பிளேயர், ஒரு பீடிக்கட்டு எல்லாம் வந்தன. முழங்கை வரவில்லை. புதன்கிழமை காலை முழுக்கவும் தேடினோம். மணி இரண்டானது.

"அண்ணே, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கெடைச்சதுன்னு எழுதிடுங்க. என் பொண்ணு இப்பதான் ஸ்கூல்ல சேந்திருக்குது."

"உள்ள இருக்கற பீஸுக்கு உங்க பொண்ணத் தெரியாதே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "காத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கந்தான் பீஸும் போயிருக்கும். படத்த இன்னொரு தடவ பாப்போம், வாங்க."

சைட் ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், படங்கள். ஃபேன் காற்றில் படம் சுருண்டுகொண்டு பறக்கும் என்பதால் நாலு மூலையிலும் ஏதாவது வைத்திருப்பேன். நான் படத்தில் விரலை ஓட்டி, தேடாத இடம் எதுவென்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்த வளைவைப் பார்த்தாச்சு, இந்தக் கிளையைப் பார்த்தாச்சு, இந்த மூலையை மறைக்கிறதே என்று அங்கே இருந்ததைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதையும் காட்டினேன். போஸ்ட்மார்ட்டம் அண்ணன் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க போயி வாசல்ல நில்லுங்க. மேனேஜர் வந்தா கூட்டிக்கினு வாங்க. நான் இன்னொரு தபா உள்ள போயிப் பாக்கறேன்."

மேனேஜர் அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார், டாக்டரோடு. நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனபோது அண்ணன் டக்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தார். வேட்டி ஓரத்தில் சீப்பு இல்லை, போன் இல்லை. சட்டைப் பையின் பட்டன் போட்டிருந்தது. பையைக் காலி பண்ணவில்லையே என்று ஒரு நொடி தோன்றியது. அவசரம் என்று விட்டுவிட்டேன்.

"என்னய்யா இது, இன்னும் மூடலையா?" மேனேஜரின் காது நிறம் மாறத் தொடங்கியது. "யாருய்யா பொறுப்பு?"

என்னைத் தவிர வேறு யார்? வாயைத் திறந்தேன். அதற்குள் டக்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கெடைச்சிடுச்சு! முழங்கை கெடைச்சிடுச்சு!"

டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். அண்ணன் தூசும் தும்புமாக இறங்கி வந்து, அந்தக் கறுப்புத் துண்டை வேட்டியில் அதன் இடத்தில் வைத்தார். உருவம் முழுசானது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேனேஜர் லேசுப்பட்டவர் இல்லை. தொழில் தெரிந்தவர். "எங்க இருந்தது?"

"மூணாவது கிளையில சார்." அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் வேட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"மூணாவது கிளையா? அது டேம்பருக்குப் பின்னாடி இல்ல இருக்கு? காத்து அந்தப் பக்கம் வராதே. பீஸ் எப்படிய்யா எதிர்க்காத்துல போச்சு?"

போஸ்ட்மார்ட்டம் அண்ணன் காதைச் சொறிந்தார். மூக்கைச் சொறிந்தார். காற்றைப் பற்றி, டக்டைப் பற்றி, உடைந்த எதைப் பற்றியும் எந்தக் கேள்விக்கும் மறு நொடியில் பதில் சொல்கிற மனிதர், பரீட்சையில் முழிக்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"எலி" என்றார் கடைசியில். "எலி இழுத்துக்கினு போயிருக்கும் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வாயில் எலியா? நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"புது ஆஸ்பத்திரியில எலியா?" என்று டாக்டர் அலறினார். மேனேஜர் அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எலிப்பொறி வைக்கிறோம், ஒரு வாரம் தினமும் பார்க்கிறோம், பொறுப்பு எங்களுடையது என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். டக்ட் மூடப்பட்டது. சாயந்திரம் விரல்கள் எண்ணப்பட்டன. நூற்றுப் பத்தொன்பது.

எல்லாரும் போன பிறகு சைட் ஆபீசுக்குப் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் படத்தின் மூன்று மூலைகள் அடங்கிக் கிடந்தன. ஒன்றின் மேல் டேப், ஒன்றின் மேல் டிபன் பாக்ஸ், ஒன்றின் மேல் தண்ணீர் பாட்டில். நாலாவது மூலை மட்டும் சுருண்டு சுருண்டு படபடத்துக்கொண்டிருந்தது. அந்த மூலையில் திங்கட்கிழமையிலிருந்து என்ன வைத்திருந்தேன் என்று யோசித்தேன். போன் பேசிக்கொண்டே கண்ணில் பட்டதைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது என் பழக்கம். வீட்டில் உப்பு டப்பாவை நான் குளியலறையில் வைத்த கதை எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மேலே சத்தம் கேட்டபோது என் காலடியில் ஏதோ வந்து விழுந்ததும், நான் குனிந்ததும் மங்கலாக நினைவுக்கு வந்தன. இரண்டு நாளாகப் பன்னிரண்டு பேர் தேடிய முழங்கையைப் படத்தின் மேல் பாரமாக வைத்துவிட்டு, அதே படத்தில் அதை எங்கே தேடலாம் என்று நான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் பாட்டுக்கு எலிப்பொறிக்கு மசால்வடை மாட்டிக்கொண்டிருந்தார். சொல்லாமலே திரும்பிவிட்டேன். ஒரு வாரம் தினமும் அவரே போய் வடை வாங்கி வந்து, இல்லாத எலிக்கு வைத்தார். தினமும் காலையில் வடை காணாமல் போயிருந்தது. எலி மாட்டவில்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல் ஆனார். டாக்டர் எதிரே வந்தால் அண்ணன் தூண் மறைவுக்குப் போய்விடுவார். அவர் யாரைப் பார்த்தும் ஒளிந்து நான் அதுவரை கண்டதில்லை. என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

கடைசி நாள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அவித்த மல்லாட்டையைத் தின்றுகொண்டே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். உரித்த தோலை எல்லாம் அதே பொட்டலத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திண்டிவனம் வேலைக்கான பக்கத்தின் கடைசி வரி கண்ணில் பட்டது. உறுப்பு: எலி. எத்தனை: ஒன்று. கிடைத்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இந்த நோட்டுல ஒரு கட்டங்கூடக் காலியா வுட்டதில்ல சார்" என்றார். "தெனமும் ராத்திரி சோறு எறங்கல."

"அண்ணே" என்றேன். "அந்த எலி நான்தான்."

அவர் நிமிரவில்லை. இன்னொரு கடலையை உரித்தார்.

"தெரியுமே சார். மேஜ மேல அதப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கினு நின்னேன். அத வேற நீங்க தள்ளி வெச்சுட்டு, இந்த எடத்துல தேடலாமான்னு கேக்கறீங்க!"

"அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா மேனேஜர் உங்கள பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிடுவாரு."

"அதுக்காக நோட்டுல பொய் எழுதுவீங்களா? நீங்களா?"

அவருக்கு என் கேள்வியே புரியாத மாதிரி என்னைப் பார்த்தார்.

"பீஸு வெளிய வந்துடுச்சு இல்ல? அப்பறம் இன்னா சார். காலைல நூத்திப் பத்தொம்பது வெரலு எண்ணியிருக்கேன். உங்கள அனுப்பிட்டா சாயந்திரம் நூத்தி ஒம்பதுதானே இருக்கும்? நான் எப்படி எல்லாரையும் ஊட்டுக்குப் போகச் சொல்றது?"

தினமும் கையை நீட்டச் சொல்லி என் மானத்தை வாங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் என்னை ஒரு தொகையில் சேர்த்து வைத்து, அது குறையாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமனார் வீட்டில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தபோது என்னை எந்தத் தொகையிலும் யாரும் சேர்க்கவில்லை.

பேனாவை வாங்கி, அந்தக் காலிக் கட்டத்தில் நானே 'சைட் ஆபீஸ் மேஜை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்து, "இப்ப சரியா இருக்குது" என்று நோட்டை மூடினார். அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது. பிறகு இடுப்பிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். வழவழவென்று உள்ளங்கை அளவில் ஒரு கூழாங்கல்.

"படத்து மேல வெக்கறதுக்கு சார். டேம்பர்ல எந்த எடத்துலயும் கல்லு கெடையாது. இத எடுத்து வெச்சுக்கினா யாருக்கும் தொல்ல இல்ல."

அப்புறம் அவர் வேறு சைட்டுக்குப் போனார். நானும் இரண்டு வருடத்தில், யாரும் அனுப்பாமல் நானாகவே, வேலையை விட்டுவிட்டு எழுத வந்தேன். அவர் இன்னமும் ஏதாவது ஒரு கூரைக்கடியில் வேட்டி விரித்துக்கொண்டுதான் இருக்கிறார். எப்போதாவது போன் பண்ணுவார். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. "பத்தும் இருக்குதா சார்?" என்பார். நானும் உண்மையிலேயே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்பேன்.

இதை எழுதும்போதும் தாளின் மேல் அந்தக் கல் இருக்கிறது. ஃபேனை நிறுத்தி வெகு நேரமாகிவிட்டது, ஆனாலும் அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை.